முப்பதடி தள்ளி அடுப்பு

அந்தக் கடையில மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க சார். வேற எங்க வேணும்னாலும் நிறுத்தறேன். டீ குடிக்கோணுமா, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு அம்மா கடை போட்டிருக்குது, அங்க நிறுத்தறேன். கால் மரத்துப் போச்சா, சொல்லுங்க, எறங்கி நாலு நடை நடந்துட்டு ஏறலாம். ஆனா அந்த மாதிரி டாபாவுக்கு முன்னால என்ற வண்டி நிக்காது. பசிச்சா அந்த டப்பாவுல வறுத்த கடலை இருக்குது, எடுத்துக் கொறிங்க. பையக் காலுக்குக் கீழ வைங்க, அங்க ஒண்ணும் ஆகாது.

சூளகிரியில பஸ் நின்னு போயி இந்த வெய்யில்ல நிக்கறீங்களேன்னுதான் ஏத்தினேன். எனக்கும் பேச ஆள் வேணும். பின்னால படுக்கைக் கட்டையில தூங்கறான் பாருங்க, அவன் வையாபுரி. ரெண்டாவது டிரைவர். படுத்தா நாமக்கல் வந்துதான் எந்திரிப்பான். நாலு மணி நேரம் ஆகும், சொல்லிட்டேன். பின்னால இருபது டன் வெங்காயம் இருக்குது.

எதுக்குச் சமையல் சாமானெல்லாம் வண்டியில இருக்குதுன்னு கேட்டீங்கல்ல. அதச் சொல்றேன். சொன்னா நீங்களே சொல்லுவீங்க நான் செஞ்சது சரின்னு.

என்ற பேரு நாச்சிமுத்து. ஊரு திருச்செங்கோட்டுக்குப் பக்கம். இருபத்தாறு வருசமா ஒரே மொதலாளி, ஒரே லைனு. சேலத்துல ஜவ்வரிசி ஏத்துவோம், பூனாவுலயோ நாசிக்குலயோ எறக்குவோம், அங்கிருந்து வெங்காயம். இந்த இருபத்தாறு வருசத்துல நான் கடையில சாப்புட்ட சோறு எத்தனைன்னு கேட்டா விரல் விட்டு எண்ணிடலாம். மழை கொட்டினா, வண்டி ஒடைஞ்சு நின்னா, அவ்வளவுதான். மத்தபடி நாந்தான் ஆக்குவேன். அரிசி ஊட்லருந்து வரும். புளி, மொளகாப்பொடி, மஞ்சள் எல்லாம் அந்தப் பெட்டியில. முட்டை ஒரு அட்டை, நாமக்கல்லுக்காரன் முட்டை இல்லாம வண்டி எடுப்பானா? காய் மட்டும் வாங்கி வெக்க மாட்டேன். காய வாங்கினா அன்னிக்கே ஆக்கிடோணும். அது என்ற சட்டம்.

போற வழியெல்லாம் சந்தை சார். உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸுல போறவங்களுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். ஹாவேரிக்கு இந்தப் பக்கம் மொளகா செவசெவன்னு காயும், அதுல ரெண்டு கிள்ளிப் போட்டா கொழம்பு கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், ஆனா காரமே இருக்காது. தை மாசம் பெல்காம்ல பச்சைப்பட்டாணி. கராட் தாண்டினா முள்ளுக் கத்திரிக்கா, கையில வெச்சாலே குத்தும். அத நாலாக் கீறி எண்ணெயில வதக்கி, பூண்ட நசுக்கிப் போட்டு, புளி கரைச்சு ஊத்தினா வேற எதுவும் வேண்டாம். வெந்தயக்கீரை அங்க கட்டு கட்டாத் தருவாங்க, கொழந்தையத் தூக்கற மாதிரி ரெண்டு கையில தூக்கோணும். பருப்போட வேக வெச்சுக் கடைஞ்சா வையாபுரி மூணு தட்டு சாப்புடுவான். எனக்கு மராத்தி பத்து வார்த்தை தெரியும் சார். அதுல எட்டு காய்கறி.

பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சோறு, ஒரு கொழம்பு. இல்லாட்டி ஒரு ரசம், ஒரு முட்டை. வண்டி நெழல்ல அடுப்பப் பத்த வெச்சா ஒரு மணி நேரத்துல சாப்புட்டு, கழுவிக் கவுத்துட்டுக் கெளம்பிடுவோம். அந்த ஒரு மணி நேரம் இருக்குது பாருங்க, அதுக்காகத்தான் மிச்ச நேரம் ஓட்டறதே. வயித்து வலி, அல்சர், சக்கரைன்னு எங்க லைன்ல படுக்காத ஆளு இல்ல. என்னப் பாருங்க. அம்பத்து நாலு வயசு.

இதுல வந்து கைய வெச்சாங்க.

எங்க மொதலாளி பெரியண்ணன். பழைய ஆளு, அவரும் வண்டி ஓட்டினவரு. ஒரு வார்த்தை கேட்டதில்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவரு பையன் யுவராஜ் கணக்கு வழக்கெல்லாம் கையில எடுத்துக்கிட்டான். படிச்ச பையன். நல்ல பையன்தான், நான் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். மொத வேலையா எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ். மாட்டினான். வண்டி அரை மணி நேரத்துக்கு மேல நின்னா அவன் போன்ல மணி அடிக்கும். மணி அடிச்சா அவன் நமக்கு அடிப்பான். எங்கண்ணா நிக்கறீங்க, ஏண்ணா நிக்கறீங்கன்னு. சரி, பொறுத்துக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் லாரி செட்டுல எல்லா டிரைவரையும் கூப்புட்டு, இனிமே வண்டியில அடுப்பு, சிலிண்டர் இருக்கக் கூடாது, தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்னான். தும்கூர் தாண்டி ஒரு டாபா, கோலாப்பூருக்கிட்ட ஒண்ணு, ரெண்டு எடத்துல பேசி வெச்சிருக்கறேன், டோக்கன் குடுத்துடறேன், இருபது நிமிசத்துல சாப்புட்டுக் கெளம்பிடலாம், உங்களுக்கும் கஷ்டம் இல்லையில்லன்னான். எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். ஆட்டிட்டு அடுப்ப எறக்கல.

நெருப்பு ஆபத்துதான், எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசத்துல ஒரு பொறி பறந்திருக்குதா, சொல்லட்டும். அந்த டாபாவுல ஒரு தடவை சாப்புட்டுப் பாத்தேன். பருப்புன்னு ஒண்ணு குடுத்தாங்க. அது எந்தக் கெழமை வெச்ச பருப்புன்னு அந்த ஆளுக்கே தெரியாது. மேல வெண்ணெயப் போட்டு மறைச்சிருந்தான்.

அப்புறம் ஒரு டிரிப்புல சிரா பக்கத்துல தக்காளி பழுத்துக் கெடந்தது, ரோட்டோரமே கூடை கூடையா. வாங்கி ரசத்துக்குக் கரைச்சுட்டேன். உலை கொதிக்குது, அரிசியும் போட்டாச்சு. போன் அடிச்சது. யுவராஜ்தான். அண்ணா நாப்பது நிமிசமா நிக்கறீங்க, அடுப்பு பத்த வெச்சிருக்கறீங்களான்னு கேட்டான். பொய் சொல்லியிருக்கலாம். பஞ்சர்னு சொன்னா முடிஞ்சது. எனக்கு என்னமோ அன்னிக்குப் பொய் சொல்லத் தோணல.

"சோறு வெந்துட்டு இருக்குது தம்பி. எறக்கிட்டுப் பேசறேன்" அப்படின்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

எறக்கினேன். வடிச்சேன். ரசத்துக்குத் தாளிச்சேன். ரெண்டு பேரும் சாப்புட்டோம். ஏனத்தக் கழுவினேன். அப்புறம்தான் கூப்புட்டேன். அவன் எடுக்கல. நாமக்கல் வந்து வண்டிய விட்டதும் சாவிய வாங்கிக்கிட்டான். கோவமாக் கூட வாங்கல. கொஞ்ச நாள் ஊட்ல இருந்து யோசிங்கண்ணான்னான். பெரியண்ணன் அங்கதான் பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. பேப்பரக் கீழ எறக்கவே இல்ல.

சரி, ஊட்ல இருப்போம். என்ன ஆயிடும்?

ஊட்ல இருந்தனா, அப்பத்தான் சார் இன்னொரு கூத்து.

என்ற ஊட்டுக்காரி பூங்கொடி. தறிக்குப் போறா. பவர்லூம். காலையில ஏழு மணிக்குப் போனா பொழுதோட ஆறு, ஆறரைக்கு வருவா. ஒரே புள்ள, இலக்கியா, நர்சிங் படிக்குது, அதும் காலையிலேயே பஸ் ஏறிடும். நான் மாசத்துக்கு நாலு நாளோ அஞ்சு நாளோதான் ஊட்ல இருப்பேன். அந்த நாலு நாளும் ஊட்ல கறி, மீனுன்னு வாசம் தெருவுக்கே அடிக்கும். அதனால ஊட்ல எப்பவும் அப்படித்தான் நடக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இந்தத் தடவை வாரக்கணக்கா உக்காந்தேனா, அப்பத்தான் பாக்கறேன், வெடியக்காலையில அஞ்சு மணிக்கு ஒரு கொழம்பு வெப்பா. அதேதான் மத்தியானத்துக்கு, அதேதான் ராத்திரிக்கு. செவ்வாய்க்கெழமை சந்தையில வாங்கின காய் திங்கக்கெழமை வரைக்கும் போகும். பீன்ஸ் கயிறு மாதிரி ஆயிடும். சில நாளு வர்ற வழியில பரோட்டா கட்டிக்கிட்டு வந்துடுவா.

எனக்குத் தாங்கல. இருபத்தாறு வருசமா ரோட்டுல அலையறவன் தெனம் புதுக்காய் சாப்புடறேன், ஊட்ல இருக்கறவங்க வாடினதச் சாப்புடறதான்னு கேட்டேன். நல்லதுக்குத்தான் சார் கேட்டேன். காய்னா எப்படி வாங்கோணும், காம்பப் பாக்கோணும், கீரைய வாங்கின அன்னிக்கே ஆக்கோணும், ஆறின கொழம்பத் திரும்பத் திரும்பச் சுட வெச்சா அது விசம்னு எல்லாம் சொன்னேன். தெனம் சொன்னேன். அவ வந்து உக்காந்ததும் சொல்லுவேன், ஏன்னா பகல்ல அவ இருக்க மாட்டாளே. அவ கேட்டுக்குவா. சரிங்கன்னுவா. மறுநாளும் அதே கொழம்பு.

மூணு வாரம் இப்படிப் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் வையாபுரி வந்தான். வந்தவன் பாதி ஆளா இருந்தான். கண்ணு உள்ள போயி, சட்டை தொளதொளன்னு. என்னடான்னு கேட்டா, என் எடத்துல போட்ட டிரைவரும் இவனும் டோக்கனக் குடுத்து அந்த டாபாவுல சாப்புட்டிருக்கறாங்க. மொத டிரிப்பு தப்பிச்சுட்டாங்க. ரெண்டாவது டிரிப்பு சித்ரதுர்காவுல ரெண்டு பேருக்கும் வயிறு கலங்கி, வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுத்துட்டாங்க. முப்பத்தோரு மணி நேரம். யுவராஜ் போன்ல மணி அடிச்சே ஓய்ஞ்சிருக்கும்.

பூங்கொடி அவனப் பாத்துட்டு, ஐயோ பாவம் வையாபுரின்னு தண்ணி குடுத்தா. ரசம் வெச்சுத் தரேன், சூடாக் குடிங்கன்னு எந்திரிச்சா. அப்ப அந்தக் கிறுக்கன் சொன்னான் சார்.

"வேண்டாங்கக்கா. அண்ணனே வெக்கட்டும். அண்ணன் கை ரசம் குடிச்சா நான் எந்திரிச்சுக்குவேன்."

வண்டியில கூட வர்றவன்தான் ஆக்கறான்னு பூங்கொடி இத்தனை வருசமா நெனச்சுட்டு இருந்தா, நானும் திருத்தல. நான் கண்ணக் காட்டினேன். அவனுக்கு எங்க தெரியுது? ஒடம்பு முடியாதவன் பேச ஆரம்பிச்சா நிறுத்தறானா? அண்ணன் வெந்தயக்கீரை கடைஞ்சா அப்படி இருக்கும், அண்ணன் முட்டைக் கொழம்பு வெச்சா பக்கத்து வண்டிக்காரன் தட்டோட வந்து நிப்பான், உங்களுக்கென்னக்கா, குடுத்து வெச்சவங்க, மாசத்துக்கு அஞ்சு நாளாவது அண்ணன் சமையல் கெடைக்குதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லிட்டான்.

பூங்கொடி அடுப்புக்கிட்ட நின்னுட்டு இருந்தா. என்னப் பாத்தா. அப்புறம் ஒரு எட்டு தள்ளி நின்னு, அடுப்பக் கையக் காட்டினா. வைங்கன்னா. அவ்வளவுதான், ஒரே வார்த்தை.

நான் வெக்கல. எப்படிங்க வெப்பேன்? அது அவ அடுப்பு. எனக்கு ஊட்ல கரண்டி எங்க இருக்குதுன்னே தெரியாது. அதும் ஒருத்தன் முன்னால. எனக்கு அதெல்லாம் வராது, இவன் காய்ச்சல்ல ஒளர்றான்னு சொல்லி எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அவளே வெச்சுக் குடுத்திருக்கறா. குடிச்சுட்டுப் போயிட்டான்.

அன்னைக்குப் பொழுதோட அவ உக்காந்து துணி மடிச்சா. மடிச்சுட்டே, எத்தனை வருசமாங்கன்னு கேட்டா. லைனுக்குப் போனதுலருந்துன்னேன். கல்யாணத்துக்கு முன்னாலயிருந்தா, அப்படின்னா. ஆமான்னேன். ரோட்டுல எல்லாரும் பண்றதுதான், அதுல என்ன இருக்குதுன்னேன்.

"எனக்குக் கை மடங்காமக் கெடந்தப்ப நீங்க பதினோரு நாளு ஊட்ல இருந்தீங்க" அப்படின்னா.

அது எட்டு வருசத்துக்கு முன்னால சார். சிக்குன்குனியா. ஊரே படுத்துச்சு. அவளுக்கு விரலெல்லாம் வீங்கி, டம்ளரப் புடிக்க முடியாது. வண்டி வேற எஞ்சின் வேலைக்கு விட்டிருந்தது, நான் ஊட்லதான் இருந்தேன். நான் சும்மாவா இருந்தேன்? பதினோரு நாளும் காலையில மூணு பேருக்கும் கடையில இட்லி வாங்கியாந்தேன். தூக்குப்போசியத் தூக்கிக்கிட்டு நானே போனேன், ஆள் வெச்சு வாங்கல. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, கடைச் சாம்பார் வாய்க்கு வெளங்கலன்னு ஒரு வார்த்தை சொன்னேன். உடனே அவ எந்திரிச்சுப் புளியக் கரைச்சுட்டா, மணிக்கட்டால. வேண்டாம்னு நான் சொல்றதுக்குள்ள கரைச்சுட்டா. அப்படிப்பட்டவ சார் அவ. அத நான் எத்தனை பேருகிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கறேன் தெரியுங்களா?

அதத்தான் அவ சொல்லிக் காட்டறா. இதுல என் தப்பு என்ன? ரோடு வேற, ஊடு வேற இல்லீங்களா? ஊட்ல ஆம்பள அடுப்புக்கிட்டப் போனா அவளத்தான் நாலு பேரு பேசுவாங்க. அவளுக்காகத்தான் போகாம இருந்தேன்னுகூடச் சொல்லலாம்.

அதச் சொல்லியும் பாத்தேன். அவ மடிச்ச துணியப் பெட்டியில அடுக்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், அடுப்பு பத்த வெச்ச மாதிரியே இல்ல. அவ தறிக்குப் போயிட்டா. புள்ளை காலேஜ் கேண்டீன்ல சாப்புட்டுக்குதாம். சண்டை இல்ல, சத்தம் இல்ல. பொழுதோட வந்து, கொண்டாந்த பரோட்டாவுல ரெண்ட எனக்கு வெச்சா, ஒண்ண அவ தின்னா, படுத்துக்கிட்டா. அடுத்த நாளும் அப்படி. நான் விடுவனா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஸ்ஸுல போயிச் சாப்புட்டேன். ரெண்டு நாளு. சோறுன்னா சோறாவா இருந்துச்சு. சோடா உப்பு போட்டு வடிச்சிருக்கறான், வயித்துல கல்லு மாதிரி உக்காந்துக்குச்சு. ஒரு டாபாக்காரனுக்கு அடங்காதவன் மெஸ்ஸுக்காரனுக்கு அடங்குவனா?

மூணாவது நாளு வெடிய உழவர் சந்தைக்குப் போயிட்டேன் சார்.

திருச்செங்கோட்டு உழவர் சந்தைய அதுவரைக்கும் நான் உள்ள போயிப் பாத்ததே இல்ல. பூனா சந்தை தெரியும், பெல்காம் சந்தை தெரியும், சொந்த ஊரு சந்தை தெரியல. பனி காயாத அரைக்கீரை. கொத்தவரங்கா ஒடிச்சா சடக்குன்னு சத்தம். ஒரு அம்மா சுண்டைக்கா வெச்சுட்டு உக்காந்திருந்தது, பச்சைச் சுண்டைக்கா, மணி மணியா. அத எங்க லைன்ல எங்கயும் பாக்க முடியாது. வாங்கினேன். அதுக்கு மராத்தியில பேரு தேட வேண்டியதில்ல பாருங்க, நெம்பச் சுலபமா வாங்கிட்டேன்.

ஊட்டு அடுப்பத் தொடல. அது அவ அடுப்புன்னு சொன்னனுல்ல, சொன்னது சொன்னதுதான். செட்டுக்குப் போயி, மூலையில எறக்கிப் போட்டிருந்த என் அடுப்பு, என் சிலிண்டர், என் ஏனம் எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன். யுவராஜ் பாத்துட்டே நின்னான், ஒழிஞ்சதுன்னு சந்தோசப்பட்டிருப்பான். ஊட்டுக்குப் பின்னால முருங்கை மரத்தடியில வெச்சுப் பத்த வெச்சேன். சுண்டைக்காய நசுக்கி, வெங்காயம் வதக்கி, புளிக்கொழம்பு. கீரை கடைஞ்சேன். சோறு. எனக்குத்தான் ஆக்கினேன், எழுதிக் குடுக்கறேன். ரெண்டு பேரு அளவுலயே கை பழகியிருக்குதில்ல, அதனால மிஞ்சிப் போச்சு. மூடி வெச்சுட்டேன்.

இலக்கியாதான் மொதல்ல சாப்புட்டுது. தட்டுல போட்டுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டுச் சாப்புட்டுது. நல்லாருக்குதாம்மான்னேன். நல்லாருக்குதுப்பான்னுட்டு, இத்தனை நாளா ஏம்ப்பான்னு ஆரம்பிச்சுது. அப்புறம் அதுவே நிறுத்திக்கிச்சு.

பூங்கொடி அன்னிக்குத் தொடல. அடுத்த நாளும் தொடல. நானும் நிறுத்தல. தெனம் சந்தை, தெனம் மரத்தடி. பக்கத்து ஊட்டுக்காரரு சுவத்து மேல எட்டிப் பாத்தாரு. பாக்கட்டும். நாலாவது நாளு பொழுதோட நான் கடைவீதிக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், கொழம்புச் சட்டி கழுவிக் கவுத்து வெச்சிருந்தது. இலக்கியா இன்னும் வரல. ஊட்ல பூங்கொடியத் தவிர வேற ஆளு இல்ல. படுக்கப் போறப்ப, உப்பு கொஞ்சம் தூக்கலுங்கன்னா.

தூக்கலாவது. சரியான உப்பு சார் அது.

அந்த வாரத்துலயே யுவராஜ் கூப்புட்டுட்டான். வையாபுரி போயி அவங்கிட்டச் சொல்லியிருக்கறான். தம்பி, அண்ணன் நிறுத்தினா ஒரு மணி நேரம், உங்க டோக்கன் நிறுத்தினது முப்பத்தோரு மணி நேரம், நீங்களே பாத்துக்கங்கன்னு. இன்னும் மூணு டிரைவருங்க, நாச்சிமுத்தண்ணன் அடுப்பு ஏறினா எங்க அடுப்பும் ஏறும்னு சொல்லிட்டாங்களாம். எனக்குத் தெரியவே தெரியாது, நான் யாரையும் தூண்டல. வெங்காய சீசன் வேற. போனேன். அவன் சொன்னான், சிலிண்டருக்கு வெளிய தனியாக் கம்பிப்பெட்டி அடிச்சுத் தரேன், அதுலதான் இருக்கோணும், வண்டிய விட்டு முப்பதடி தள்ளித்தான் பத்த வெக்கோணும். ஒரு மணி நேரம், அதுக்கு மேல கூடாது. ஒத்துக்கிட்டேன். முப்பதடி என்ன, மரம் இருந்தா நூறடி போறேன். யாரு ஜெயிச்சதுன்னு நீங்களே சொல்லுங்க. பெரியண்ணன் அன்னிக்கும் பேப்பர்தான் படிச்சாரு. ஆனா நான் கெளம்பறப்ப, ஒரு நாளைக்கு அந்த முட்டைக் கொழம்பு எனக்குக் கொண்டாந்து குடு நாச்சிமுத்துன்னாரு.

சாவிய வாங்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்து நாளைக்கு லோடுன்னு சொன்னேன். நூல் வெல ஏறிப் போச்சுன்னு அப்பத்தான் தறியெல்லாம் நிறுத்தியிருந்தாங்க. பூங்கொடி ஊட்லதான் இருந்தா.

"நானும் வரேனுங்க. நீங்க எங்க உக்காந்து சாப்புடறீங்கன்னு பாக்கோணும்" அப்படின்னா.

லாரியில பொம்பள வர்றதான்னேன். அவ அதுக்குள்ள பைய எடுத்து வெச்சுட்டா. யுவராஜ்கிட்ட நான் கேக்கவும் இல்ல. ஏத்திக்கிட்டேன். நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே சீட்டுதான். பெங்களூரு தாண்டற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு வந்தா.

மறுநாள் பகல்ல ஹாவேரிகிட்ட நிறுத்தினேன். நல்ல புளியமரம் ஒண்ணு இருக்குது, பக்கத்துல ஒரு பம்புசெட்டு. வர்ற வழியில பிஞ்சுக் கத்திரிக்கா வாங்கியிருந்தேன், பச்சை மொச்சை கொஞ்சம். நான் அடுப்ப எறக்கறேன், அவ ஓடி வந்து வெங்காயத்தக் கையில எடுத்துட்டா. குடு, உக்காருன்னேன். கோணிய மடிச்சுப் போட்டேன். உக்காந்தா. ஆனா அவளுக்குக் கைய என்ன பண்றதுன்னு தெரியல சார். மடியில வெக்கறா, எடுக்கறா, சேலை முந்தானைய நீவறா. நான் மொச்சையத் தோல் உரிக்கறேன், தாளிக்கறேன், அவ பாத்துட்டே இருக்கறா. என் கையத்தான் பாத்தா. ஏதோ புது ஆளப் பாக்கற மாதிரி.

சோத்த வடிச்சதும் தட்டு வெச்சேன். ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க, நான் அப்புறம்னா. பழக்கம். வையாபுரி விடல. அக்கா, இங்க எல்லாரும் ஒண்ணா உக்காரோணும், வண்டியில அப்படித்தான்னான். சரின்னு உக்காந்தா. போட்டேன். கத்திரிக்கா மொச்சைக் கொழம்பு, அவ்வளவுதான், அப்பளம் கூட இல்ல. தலையக் குனிஞ்சுட்டுச் சாப்புட்டா.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க" அப்படின்னா.

போட்டேன். அதும் முடிஞ்சது. மறுபடியும் தட்ட நீட்டினா. போட்டேன். நாலாவது தடவை சட்டியச் சொரண்டித்தான் போட்டேன், எனக்குக் கொழம்பே இல்ல, மோர ஊத்திக்கிட்டேன். அவ கவனிக்கல. கொழம்பு ஒட்டின வெரல ஒவ்வொண்ணாச் சூப்பினா.

அவ சாப்பாட்டுக்காரி இல்லைன்னுதான் சார் நான் நெனச்சுட்டு இருந்தேன். ஒல்லியான ஒடம்பு. குருவியாட்டம் கொறிப்பா, அதுக்கு மேல அவளுக்கு எறங்காதுன்னு சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் நான்தான் சொல்லுவேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருசம். எனக்குப் போட்டுட்டு, புள்ளைக்குப் போட்டுட்டு, அப்புறம் உள்ள போயிச் சாப்புடுவா. உள்ள போயி என்ன இருந்துச்சு, எவ்வளவு இருந்துச்சுன்னு நான் பாத்ததில்ல. அவ எவ்வளவு சாப்புடுவான்னு அந்த மரத்தடியிலதான் எனக்குத் தெரிஞ்சது.

அதுக்காக நான் பண்ணினதெல்லாம் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க. அவகிட்டயும் ஒத்துக்கல. அவளும் கேக்கல. அடுத்த நாளு கராட் தாண்டி நிறுத்தினப்ப, ரெண்டு டம்ளர் அரிசி போடற எடத்துல நாலு டம்ளர் போட்டேன். வையாபுரி என்னண்ணா, கல்யாண வீடான்னு சிரிச்சான். சிரிக்கட்டும். பூங்கொடி சிரிக்கல. நான் வடிச்சு நிமுத்தறதுக்குள்ளயே தட்டக் கழுவி எடுத்துக்கிட்டு, மொத ஆளா வந்து உக்காந்துட்டா.